குப்பை மேடும் மானியமும்: கொடுங்கையூரை முன்வைத்து ஒரு வாதம்

திடக்கழிவு மேலாண்மை, 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் சேர்த்த 12ஆம் அட்டவணையில் நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக இடம்பெற்றது. பணி வந்த அளவுக்கு வருவாய் வரவில்லை. எனவே மாநில, மத்திய அரசுகளின் மானியத்தை நாடியே நகரங்கள் திட்டம் தீட்டுகின்றன. எதற்கு மானியம் உண்டோ அதையே நகரம் கேட்கப் பழகிவிடுகிறது. இன்றைய மானியம் குப்பை மேட்டை அகற்ற உதவுகிறது. மேடு உருவாகாமல் தடுக்கும் அன்றாட வேலைக்குப் போதிய துணையாக இல்லை. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

சென்னையின் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். அங்கே தேங்கிக் கிடந்த சுமார் 66.5 லட்சம் டன் குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் முறையில் அகற்றும் திட்டத்தின் மதிப்பு சுமார் 640 கோடி ரூபாய். 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்குத் தூய்மை இந்தியா இயக்கம் 2.0 வகுத்த விதிப்படி, இதில் மத்திய அரசின் பங்கு 25 விழுக்காடு, அதாவது சுமார் 160 கோடி. மாநில அரசின் பங்கு சுமார் 102 கோடி. எஞ்சிய 378 கோடியை மாநகராட்சியே சுமக்க வேண்டும். கணக்கிட்டால், ஒரு டன் பழைய குப்பையை அகற்றச் சுமார் 960 ரூபாய் ஆகிறது. இன்று தரம் பிரிக்காமல் கொட்டப்படும் ஒவ்வொரு டன்னும் நாளைக்கு நாம் எழுதிக்கொடுக்கும் கடன் பத்திரம்.

அந்தக் கடன் வீட்டு வாசலில்தான் தொடங்குகிறது. காலையில் பேட்டரி வண்டிக்கு வரும் பையின் வாயில் இறுக்கமாக ஒரு முடிச்சு. தூய்மைப் பணியாளர் அதை அவிழ்த்தால் புளித்த சோறு, பால் கவர், செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. அவற்றைக் கையால் பிரித்து, மக்குவதைப் பச்சைத் தொட்டியிலும் மக்காததை நீலத் தொட்டியிலும் போட நேரம் பிடிக்கும். அடுத்த தெரு காத்திருக்கிறது. முடிச்சு அவிழாமலே பை வண்டிக்குள் விழுந்தால், உரக்கூடம் கட்டியும் பயனில்லை; கலந்த குப்பை நல்ல உரமாவதில்லை.

வீட்டிலேயே பிரித்துத் தர வேண்டும் என்று 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டளையிட்டன. பயனர் கட்டணத்துக்கும் வழி செய்தன. ஆனால் தூய்மை இந்தியா 2.0 நிதி பெரும்பாலும் மூலதனச் செலவுக்கானது: கூடம், இயந்திரம், கிடங்கு மீட்பு. இயக்கச் செலவை உள்ளாட்சியே தேட வேண்டும். சென்னையில் 2021 ஜனவரியில் தொடங்கவிருந்த பயனர் கட்டணம் எதிர்ப்புக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டது. கட்டணமும் இல்லை, மானியமும் இல்லை என்றால், முடிச்சை அவிழ்க்கும் கைக்குக் கூலி எங்கிருந்து வரும்?

ஆகவே மாநில அரசு ஒரு புதிய மானியத்தை வகுக்க வேண்டும். கிடங்குக்குப் போகாமல் உரமாகவோ மறுசுழற்சிக்கோ சென்ற ஒவ்வொரு டன்னுக்கும், தவிர்க்கப்பட்ட அந்த 960 ரூபாயில் ஒரு பங்கை நகரத்துக்குத் தரலாம். அத்தொகை தரம் பிரிப்போரின் ஊதியத்துக்கே செலவாக வேண்டும். செயல்பாட்டோடு நிதியைப் பிணைப்பது நமக்குப் புதிதல்ல; 10 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு 15ஆவது நிதிக்குழு அப்படித்தான் மானியம் பரிந்துரைத்தது.

தொடர் மானியம் உள்ளாட்சியைச் சோம்பலாக்கும், எடையைக் கூட்டிக் காட்டத் தூண்டும் என்ற மறுப்புகள் எழலாம். இரண்டும் நியாயமான அச்சங்களே. எடை மேடைச் சீட்டையும், உரம், பழைய பொருள்களின் விற்பனைக் கணக்கையும் பொதுத் தணிக்கைக்கு வைத்தால் இரண்டாவது தணியும். வார்டில் கட்டணம் நிலைபெறும் வேகத்தில் மானியத்தைக் குறைத்துவந்தால் முதலாவதும் தணியும். இவற்றைச் செய்யாமல் கொடுங்கையூரைச் சுத்தப்படுத்தினால், அங்கே காலியாகும் இடம் அடுத்த மேட்டுக்கே இடமாகும்.