ஒரு ‘தோ’வும் ஒரு ‘ஸ்ரீ’யும்: கோப்புத் தேடலில் இரு சிக்கல்கள்

ஈப்போ, புந்தோங், கோலகங்சார், தோட்டம். மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழர் ஒருவர் பழைய ஆவணங்களைக் கணினியில் சேர்த்தால் கோப்புப் பெயர்களில் அடிக்கடி வரக்கூடிய சொற்கள். நான்கிலும் ஓகாரம். (‘கோப்பு’ என்பதிலும் அதுதான்.) ரப்பர் தோட்டங்கள் பல செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கோயில் மலர், பள்ளி ஆண்டிதழ், திருவிழாப் படம் என்று மிஞ்சியதைச் சேர்க்கும்போது ‘ஸ்ரீ மகா மாரியம்மன்’ என ஸ்ரீயும் கூடவே வரும். தேடும்போது தொல்லை தருபவை இந்த இரண்டும். ஆனால் இரண்டும் ஒரே ரகமல்ல.

‘தோ’வில் த-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒற்றைக் குறியீடாக இருக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் இருக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு தரமே வரையறுத்திருக்கிறது. ஆகவே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து (இதுவே இயல்பாக்கம்) ஒப்பிடுவது மென்பொருளின் வேலை. எல்லாம் அதைச் செய்வதில்லை. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயரைப் பிரித்தே எழுதிவைக்கும். 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, ஒப்பிடும்போது ஒன்றாகக் கருதும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் எதையும் தொடாது. பழைய மேக்கிலிருந்து ஜிப்பாக வந்த ‘தோட்டம்’ கோப்புறையை விண்டோஸில் பிரித்தால், ஏற்கெனவே இருக்கும் ‘தோட்டம்’ பக்கத்திலேயே இன்னொரு ‘தோட்டம்’ வந்து உட்காரக்கூடும்.

ஸ்ரீயின் கதை வேறு. ஶ என்ற கிரந்த எழுத்து யூனிகோடில் சேர்ந்ததே 2005-இல், 4.1 பதிப்பில்தான். அதுவரை ஸ-வில் தொடங்கி அமைத்த ஸ்ரீயை, அதன்பின் ஶ-வில் தொடங்குவதே முறை என்றாயிற்று. பழைய பழக்கம் விடவில்லை. எழுத்துருக்கள் பலவும் இரண்டையும் ஒரே வடிவில் காட்டுகின்றன: ஸ்ரீ, ஶ்ரீ. இவற்றில் முன்னது ஸ, பின்னது ஶ. இவை சமம் என்று தரத்தின் இயல்பாக்க விதி எதுவும் சொல்வதில்லை. அதனால் ‘தோ’வை ஒழுங்காகக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கூட இங்கே கைவிரித்துவிடலாம். ஆங்கில பிடிஎஃப்களில் எஃப், ஐ இரண்டும் ஒட்டி ஒரே குறியீடாகி, ‘ஃபைல்’ என்று தட்டினால் அகப்படாமல் போவதுண்டு. அந்த ஒட்டெழுத்துக்குக்கூடத் தளர்வான சமன் ஒன்று தரத்தில் உண்டு. ஸ்ரீக்கு அதுவும் கிடையாது. ‘தோ’வின் பிழையை மென்பொருள்காரரிடம் சொல்லித் திருத்தலாம். ஸ்ரீக்கு யாரிடம் போய் முறையிடுவது? இரண்டில் மோசம் இதுதான் என்பேன்.

யூனிகோடு பரவுவதற்கு முன் வழங்கிய திஸ்கி என்ற குறியேற்றத்தில் நிலைமை தலைகீழ். ஸ்ரீக்குத் தனி இடமே இருந்தது. ‘தோ’தான் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, த, கால் என்று மூன்றாகப் பதிந்தது. மலேசியரான முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருள் கொண்டு அக்காலத்தில் திஸ்கியில் தட்டிய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றினால்தான் இன்றைய தேடலில் கிடைக்கும். அப்போது எந்த ஸ்ரீ வரும் என்பது மாற்றும் கருவியைப் பொறுத்தது.

தேடுபவர் கையில் இருப்பவை சில குறுக்குவழிகளே. ‘ஈப்ப’ என்பதோடு நிறுத்தினால், அதுவரை குறியீடுகள் பொது என்பதால், இரு வகை ‘ஈப்போ’வும் வரும். ஸ்ரீயை விட்டுவிட்டு ‘மாரியம்மன்’ என்று மட்டும் தட்டலாம். அப்படித் தட்டினால் பேராக்கின் தோட்டக் கோயில்கள் பலவும் வந்து நிற்கும். ஆகவே ஆண்டையும் சேர்த்துத் தட்டுவது நல்லது.