தவக்கால மௌனமும் நம் சமுதாயமும்

தைத் திங்களில் சல்லிக்கட்டின் ஆரவாரம் ஓய்ந்து, அலங்காநல்லூர் வாடிவாசல் அமைதியுற்ற சில வாரங்களில் கிறித்தவர்களின் தவக்காலம் பிறக்கின்றது. நம் முன்னோர் அதனைத் தபசு காலம் என்று வழங்கினர். திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசித் தொடங்கும் இக்காலத்தில், ஞாயிறுகள் நீங்கலாக நாற்பது நாள் நோன்பும் ஈகையும் மௌன செபமும் ஆன்ம சோதனையும் கடமைகளாம். இவ்வான்ம சோதனை தனிமனிதனுக்கு மட்டும் உரியதா, சமுதாயத்திற்கும் உரியதா? மதுரை மறைத்தளத்தின் வரலாற்றில் இதற்கு விடை உண்டு.

1606-இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி, உயர்குலத்தார் மதிக்கும் சந்நியாசிக் கோலம் பூண்டார். அக்கோலத்தினர் தீண்டத்தகாதவரென ஒதுக்கப்பட்டோருடன் வெளிப்படையாகப் பழக இயலவில்லை. இக்குறை நீக்கவே 1640 முதல் பண்டாரசாமிகள் என்னும் குருக்கள் தோன்றினர். அவர்களுள் ஒருவரே புனித அருளானந்தர்.

போர்த்துக்கல் நாட்டில் 1647-இல் பிறந்த இவர், காவியுடுத்திப் புலால் நீக்கி, ஒடுக்கப்பட்டோரிடையேயும் தொண்டாற்றினார். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள், மறவர் சீமையின் ஓரியூரில் தலை வெட்டுண்டு மாண்டார். அந்நாள் திருநீற்றுப் புதன். அதற்கு முந்தின நாள், சிறையில் கரியைக் குழைத்து மையாக்கித் தம் தோழர்களுக்கு அவர் மடல் வரைந்தார். தனிமையும் செபமும் அவருக்கு அஞ்சாமையை அளித்தன.

எனினும், குருக்களையே குலத்திற்கேற்பப் பிரித்த ஏற்பாடு சாதியைக் களையவில்லை. நெல்லைச் சீமை வடக்கன்குளம் ஆலயத்தில் வேளாளரையும் நாடாரையும் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிக்கப்பட்டது. நம் மக்களுக்கோ, ஆலயத்தில் தனியிடமும் சாவிற்குப் பின் தனிக் கல்லறையும் பல ஊர்களில் நீடித்தன. ஆண்டுதோறும் நாற்பது நாள் முழந்தாளிட்டோர் பலர், தம் பொய்யையும் சினத்தையும் எண்ணி வருந்தினரேயன்றி, அருகில் நின்ற சுவரைப் பாவமென எண்ணினாரில்லை.

1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தவக்கால ஒறுத்தல் அகத்தளவிலும் தனி ஆளளவிலும் மட்டும் நில்லாது, புறத்திலும் சமுதாயத்திலும் விளங்க வேண்டுமென அறிவித்தது. நம் வினாவிற்கு விடை இதுவே.

இளைஞர்களே! பிறர் நம்மீது சுமத்திய வாய்மூடல் ஒன்றுண்டு. அதனைக் கல்வியால் உடைத்து வருகின்றோம். நாமே விரும்பி ஏற்கும் மௌனம் வேறு. எம்மதத்தினராயினும், நாளும் சிறிது நேரம் அம்மௌனத்தில் அமர்ந்து நம்மையே வினவுவோம். நம்முள் உட்பிரிவு பார்க்கின்றோமா? பெண் மக்களின் படிப்பை இடையில் நிறுத்துகின்றோமா? கற்றபின் கல்லாத உறவினரை மறக்கின்றோமா? வெள்ளி விழாக் காணும் நம் கழகம் கட்டடத்தால் மட்டும் வளராது. இவ்வினாக்களுக்கு நாம் நேர்மையுடன் தரும் விடைகளாலேயே வளரும்.