கட்டடக் கலைஞரிடம் நாம் எதை எதிர்பார்க்கிறோம்?

யாழ்ப்பாணத்தில் எங்கள் பாட்டன்மார் வீடு கட்டிய காலத்தில் கட்டடக் கலைஞர் என்றொருவர் இருக்கவில்லை. சாத்திரம் அறிந்த பெரியவர் ஒருவர் வளவைப் பார்த்து நிலையம் எடுத்துக் கொடுப்பார். மேசனும் தச்சரும் வீட்டுக்காரரோடு வெற்றிலை போட்டபடி நிலத்திலே தடியாற் கோடு கீறிக் கணக்குப் பார்ப்பார்கள். நடுவிலே முற்றம், நாற்புறமும் தாழ்வாரம், அதைச் சுற்றி அறைகள் என்ற நாற்சார் வீட்டின் அமைப்பைக் கட்டுவிப்பவரும் அறிவார், கட்டுபவரும் அறிவார். மழைத் தண்ணீர் எங்கே விழும், நெல் எங்கே காயும், பிள்ளைப்பேற்றுக்கு வந்த மகள் எந்த அறையிலே படுப்பாள் என்பதை எவரும் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வசதி படைத்தோரின் வீடு அது. கிடுகு வேய்ந்த மண்வீடுகளிலும் இந்த ஒத்த அறிவே வேலை செய்தது. எதிர்பார்ப்பு வாய்விட்டுச் சொல்லப்படாமலே நிறைவேறியது.

அந்த ஒத்த அறிவு கலைந்த பின்னரே கட்டடக் கலைஞர் தேவைப்பட்டார். அரச உத்தியோகம் மக்களை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றது. நகரத்துக் காணிகள் குறுகின. கொங்கிரீட் வந்தது. தமக்கு என்ன வேண்டும் என்று தாமே தெளிவாகச் சொல்லத் தெரியாத கட்டுவிப்போர் ஒருபுறம், அவர்களுடைய வாழ்க்கையை அறியாத தொழில்வல்லுநர் மறுபுறம் என்ற நிலை தோன்றியது. அன்றிலிருந்து இன்றுவரை இவ்விரு தரப்பினரும் ஒருவரிடம் ஒருவர் எதை எதிர்பார்த்தனர் என்பதை இந்தத் தீவின் சில கட்டடங்கள் எடுத்துச் சொல்கின்றன.

1918 ஆம் ஆண்டு கண்டியிலே பிறந்தவர் மினட் டி சில்வா. தந்தை ஜோர்ஜ் ஈ. டி சில்வா அரசியல்வாதி. தாயார் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயிலும் பின்னர் இலண்டனிலும் பயின்ற மினட், 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் இணை உறுப்பினரானார். அத்தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண்மணி அவரே. நாடு திரும்பிய அவருக்குக் கிடைத்த முதல் வேலை, பெற்றோரின் நண்பர்களான கருணாரத்ன தம்பதியருக்குக் கண்டியின் மலைச்சரிவிலே ஒரு வீடு கட்டிக் கொடுப்பது. சரிவை வெட்டிச் சமப்படுத்தாமல், அதன் போக்கிலேயே தளங்களை ஏற்றி இறக்கி அமைத்தார். கொங்கிரீட்டுடன் தும்பறைப் பாய் நெசவையும், ஓவியர் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியத்தையும் சேர்த்தார்.

எனினும், தனியே தொழில் நடத்திய இளம்பெண் ஒருத்தியை நம்பிப் பணத்தை ஒப்படைக்க அன்றைய சமூகம் தயங்கியது. பெண் என்பதற்காகத் தாம் உரிய மதிப்புடன் நடத்தப்படவில்லை என்ற மனக்குறையை அவரே தம் தன்வரலாற்றிலே பதிவு செய்திருக்கிறார். கட்டுவிப்போர் அன்று கட்டடக் கலைஞரிடம் முதலில் எதிர்பார்த்தது அழகையன்று, நம்பிக்கையையே என்பது இதிலிருந்து புலனாகும்.

அந்த நம்பிக்கையை ஈட்டுவதற்கு அவர் கண்ட வழி மிக எளியது. கட்டுவிப்பவரிடமே கேட்பது! 1950களின் பிற்பகுதியிலே கண்டியை அடுத்த வட்டபுளுவவில் அரச ஊழியர்களுக்கென இருநூறுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டம் ஒன்று அவரிடம் வந்தது. குடியிருக்க வரவிருந்தோர் வெவ்வேறு இனத்தவர், வெவ்வேறு மதத்தவர், வெவ்வேறு வருமானத்தினர். வரைபலகையில் ஒரே வீட்டை வரைந்து இருநூறு தடவை பிரதி செய்வது அரசாங்கத் திட்டங்களில் வழமை. அவரோ அக்குடும்பங்களுக்கு வினாக்கொத்து அனுப்பினார், கூட்டங்கள் நடத்தினார். அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் தேவைகளையும் கையிருப்பையும் கேட்டறிந்தார். கிடைத்த விடைகளிலிருந்து சில அடிப்படை வீட்டு மாதிரிகளை உருவாக்கி, அவற்றைக் குடும்பத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார்.

அத்திட்டம் நிறைவேறிய 1958 ஆம் ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை ஈழத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. இனக்கலவரத்தில் அயலவர் அயலவருக்கு அந்நியராகிய ஆண்டு அது. அதே ஆண்டில், பல இனத்தவரும் அடுத்தடுத்து வாழவேண்டிய ஒரு குடியிருப்புக்காக, "உங்கள் வீட்டில் எப்படி வாழ்கிறீர்கள்?" என்று ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியே கேட்ட ஒருவர் இந்நாட்டில் இருந்தார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கட்டுவிப்பவரே தெளிவோடு வந்ததற்கு எடுத்துக்காட்டு எனா டி சில்வா. பொலிஸ்மா அதிபராக இருந்த ஒஸ்மண்ட் டி சில்வாவின் துணைவியார், பத்திக் கலைஞர். 1960 இல் கொழும்பு அல்பிரட் பிளேஸிலிருந்த சிறு காணியில் வீடு கட்ட அவர் ஜெப்ரி பாவாவை நாடினார். பாவா சட்டத்தரணியாக இருந்து, 38 ஆவது வயதிலே கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்று, தொழிலில் இறங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய கண்டிய வளவு வீட்டின் உணர்வு வேண்டும், ஆனால் நகரத்து வாழ்க்கைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்பது எனாவின் விருப்பம். பாவா தெருவுக்கு மதிலைக் காட்டி, வீட்டை உட்புறம் திருப்பினார். நடுமுற்றத்தைச் சுற்றி அறைகளும் விறாந்தைகளும் அமைந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிய அக்காலத்தில் கருங்கல், செங்கல், மரத்தூண், மண்ணோடு ஆகிய உள்ளூர்ப் பொருள்களே கைகொடுத்தன.

1962 இல் நிறைவெய்திய அந்த வீடு இலங்கையின் நகர வீட்டுக்கே புதிய இலக்கணமாயிற்று. நம்மவருக்கு அதில் வியப்பு அதிகமிராது. முற்றத்தைச் சுற்றி வாழ்வது யாழ்ப்பாணம் அறிந்ததுதான். பின்னர் அக்காணி கைமாறியபோது, வீடு கல்லும் மரமுமாகப் பிரிக்கப்பட்டு, இலக்கமிடப்பட்டு, பாவாவின் தோட்டமான லுனுகங்கைக்குக் கொண்டு செல்லப்பட்டது. 2016 இல் அங்கே மீண்டும் எழுந்து நின்றது.

அரசே கட்டுவிப்பவராக வரும்போது எதிர்பார்ப்பும் மாறுகின்றது. 1979 இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன புதிய பாராளுமன்றத்தை அமைக்கும் பொறுப்பைப் பாவாவிடம் ஒப்படைத்தார். அரசுக்கு வேண்டியவை இரண்டு. ஒன்று நாட்டின் பெருமைக்குரிய சின்னம், மற்றையது குறித்த நாளில் திறப்புவிழா. கோட்டேயின் சதுப்பு நிலத்தை நீர்நிலையாக்கி அதன் நடுவிலே கட்டடத்தை நிறுத்தும் யோசனையைப் பாவா முன்வைத்தார். பாவாவின் நிறுவனப் பங்காளராகவும் பொறியியலாளராகவும் அக்காலத்தில் விளங்கியவர் கே. பூலோகசுந்தரம் என்ற தமிழர். ஜப்பானிய நிறுவனமொன்று கட்டுமானத்தை ஏற்றது. 1982 ஏப்ரல் 29 ஆம் திகதி செப்புக் கூரைகளுடன் பாராளுமன்றம் திறக்கப்பட்டது. சின்னமும் கிடைத்தது, நாளும் தவறவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தின் உண்மையான உரிமையாளரான குடிமக்களிடம் எவரும் வினாக்கொத்து நீட்டவில்லை. இன்று அவர்களுட் பெரும்பாலோர் அதை நீருக்கு அப்பால் நின்றே பார்க்கின்றனர்.

மக்களே கட்டுவிப்பவராக இருந்த கட்டடமும் நம்மிடம் உண்டு. பொதுமக்களின் நன்கொடையும் முயற்சியும் சேர்ந்து எழுந்த யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் வரைபடத்தைச் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் தயாரித்தார். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் பெறப்பட்டது. நூலகம் எப்படி இயங்கவேண்டும் என்பதை அறிந்தவரிடம் கேட்டே சுவர் எழுப்பினர் என்பது கவனிக்கத்தக்கது. 1959 இல் திறக்கப்பட்ட அது, 1981 ஜூன் முதலாம் திகதியை அண்டிய இரவிலே ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. அதன் மீளமைப்பிலே கட்டடக் கலைஞர் வி.எஸ். துரைராஜா பணியாற்றினார். போர் அதனையும் சிதைத்தது.

மீண்டும் கட்டும் பேச்சு எழுந்தபோது, எரிந்த கட்டடத்தை நினைவுச்சின்னமாக அப்படியே விட்டுவிட வேண்டும் என்று ஒரு சாராரும், பழைய தோற்றத்திலேயே புதுப்பிக்க வேண்டும் என்று மறு சாராரும் வாதிட்டனர். இரண்டாவது கருத்தே நிறைவேறியது. வெள்ளைச் சுவர்களுடன் நூலகம் எழுந்தது, தீயின் தடயம் மறைந்தது. ஒரு சமூகம் தன் கட்டடத்திடம் எதை எதிர்பார்க்கிறது? பயனையா, நினைவையா? இந்தக் கேள்விக்குக் கட்டடக் கலைஞர் தனியே விடை கூற இயலாது. அதைக் கட்டுவிப்போரே தமக்குள் பேசித் தீர்க்க வேண்டும்.

இன்றைய நிலைக்கு வருவோம். நகர எல்லைகளுக்குள் வரைபட அனுமதியின்றிக் கட்டுவது முறையாகாது. ஆகவே பலருக்குக் கட்டடக் கலைஞரோ படவரைஞரோ அனுமதிக்கான கையொப்பமாகவே தெரிகின்றனர். அடுத்த எதிர்பார்ப்பு, சொன்ன தொகைக்குள் வேலை முடிய வேண்டும் என்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் சீமெந்தும் கம்பியும் என்ன விலைக்குப் போயின என்று அறிந்தவர்கள் அதனைக் குறைகூற மாட்டார்கள். மூன்றாவது, படம். கைபேசியிலே எங்கோ கண்ட வெளிநாட்டு வீட்டின் படத்தைக் காட்டி, "இது போல வேண்டும்" என்கின்றனர். கண்ணாடிச் சுவருக்குள் பங்குனி, சித்திரை வெயில் என்ன செய்யும் என்பதைப் படம் சொல்வதில்லை.

இவற்றுக்கும் மேலாக, நம் சமூகத்துக்கே உரிய ஒரு நிலை இருக்கிறது. இன்று வடக்கிலே எழும் பெரிய வீடுகளிற் பலவற்றைக் கட்டுவிப்பவர் கடல் கடந்து வாழ்கிறார். வரைபடம் மின்னஞ்சலிற் போகிறது, தீர்மானம் தொலைபேசியில் வருகிறது. மேல்மாடியிலே குளியலறையுடன் கூடிய அறைகள் வரிசையாக அமைகின்றன. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் அங்கே சில வாரங்கள் தங்குவர். எஞ்சிய மாதங்களில் அவ்வீட்டில் வாழ்பவர் முழங்கால் நோவுடன் இருக்கும் ஒரு தாய். மாடிப்படி அவருக்கு எட்டாது. கீழே படுக்கையறை இல்லாமையால் விறாந்தையின் மூலையிலே கட்டில் போட்டுப் படுக்கும் முதியவர்களை ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் நான் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளை வரைந்தவர்கள் கேட்ட கேள்விகளில், "இங்கே நாளாந்தம் வாழப்போவது யார்?" என்பது இடம்பெறவில்லை. கட்டுவித்தவர்களும் தாமாக அதைச் சொல்லவில்லை.

குறை ஒரு தரப்பினுடையதன்று. விலையும் நாளும் அனுமதியும் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு. அவற்றுக்கு முன்னே எதிர்பார்க்க வேண்டியது, கட்டடக் கலைஞர் நம்மைக் கேள்வி கேட்க வேண்டும் என்பதே. கேட்காமலே வரைந்து தருபவரை விரைவாக வேலை செய்பவர் என்று பாராட்டுவது தவறு. வீடு கட்ட எண்ணும் வாசகர்கள், படங்களைத் திரட்டுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, அந்த வீட்டிலே யார் யார், எந்த வயதில், எத்தனை மாதம் வாழப் போகிறார்கள் என்று எழுதட்டும். வட்டபுளுவக் குடும்பங்கள் 1950களிலே அத்தகைய தாள் ஒன்றை நிரப்பித்தான் தம் வீடுகளைப் பெற்றன.