சிறு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிச் செல்லுதல்

சிறு டிராக்டரை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப் வண்டியால் இழுத்துச் செல்வது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு பண்ணைகளில் வழக்கமான வேலை. நம் ஊரில் டிராக்டர் டிரெய்லரை இழுக்கும். அங்கே டிரெய்லர் டிராக்டரைச் சுமக்கும். 1969-இல் குபோட்டா நிறுவனம் எல்-200 மாடலை அங்கே விற்கத் தொடங்கியது. இன்று ஜான் டீர், மகிந்திரா முதலிய நிறுவனங்களும் இச்சந்தையில் உள்ளன. வாங்குபவர்களில் பலர் முழுநேர உழவர்கள் அல்லர்; கனரக வண்டி ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள். பாதுகாப்பு விதிகளை விரித்துச் சொல்லவேண்டியிருப்பது இதனால்தான்.

எடைக் கணக்கு

சிக்கல் பெரும்பாலும் வண்டி கிளம்புமுன்பே, எடைக் கணக்கில் தொடங்கிவிடுகிறது. விற்பனைத் தாளில் அச்சாகியிருப்பது வெறும் டிராக்டரின் எடை. எடுத்துக்காட்டாக, 1,200 கிலோ டிராக்டரில் முன்னால் மண் அள்ளும் 400 கிலோ லோடரும் பின்னால் 200 கிலோ கருவியும் மாட்டி, பிடிமானத்துக்காகப் பின்சக்கரங்களில் 250 கிலோ நீர்மமும் நிரப்பினால் 2,050 கிலோ ஆகிவிடும். டயருக்குள் இருப்பது கண்ணில் படாததால் அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அங்கே பரவலாகக் கிடைக்கும் இரட்டை அச்சு டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 3,175 கிலோ. அதன் சொந்த எடையே 900 கிலோ என்றால் சரக்குக்கு மிஞ்சுவது 2,275 கிலோதான். எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டி ஓட்டியவருக்கு முன்பாரம், பின்பாரம் பற்றிச் சொல்லித்தர வேண்டாம். டிரெய்லருக்கும் அதே நியாயம். பிக்கப்பின் பின்புறப் பந்து இணைப்பில் மாட்டும் டிரெய்லரில், டிரெய்லரும் சரக்கும் சேர்ந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு அந்த இணைப்பின் மேல் அழுந்தவேண்டும். மேற்சொன்ன சுமைக்கு அது 295 முதல் 440 கிலோ வரை. பின்பாரம் கூடினால் வேகத்தில் டிரெய்லர் இடவலமாக ஆடத் தொடங்கும். அப்போது பிக்கப்பின் பிரேக்கை அழுத்தி மிதிப்பது ஆட்டத்தை வளர்க்கும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் இயக்கவேண்டும். முன்பாரம் மிகுந்தாலோ பிக்கப்பின் பின்பகுதி தாழ்ந்து, ஸ்டீயரிங் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். டிராக்டரைச் சில அங்குலம் முன்னோ பின்னோ நகர்த்தினாலே இரண்டும் சரியாகிவிடும்.

ஏற்றும்போது

டிராக்டரின் முன்சக்கரம் சாய்தளத்தைத் தொட்டதும் டிரெய்லரின் வால் தாழ்ந்து, பந்து இணைப்பு மேலெழும். அதோடு பிக்கப்பின் பின்சக்கரங்களும் லேசாகும். கைபிரேக் பிடிப்பது அந்தச் சக்கரங்களைத்தான். ஆகவே டிரெய்லரின் வால்பகுதிக்குக் கீழே முட்டுக் கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். சிறு டிராக்டர்களில் பிரேக் பொதுவாகப் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. சாய்தளத்தில் முன்னோக்கி இறங்கி, எடை முன்னால் சாயும்போது பின்சக்கரங்கள் பிடிமானம் இழந்து வழுக்கும். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவைத்தால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். லோடர் பக்கெட் தரையை ஒட்டியே இருக்கவேண்டும்.

கட்டுதல்

வணிக வண்டிகளுக்கான அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, கட்டுகளின் மொத்தத் தாங்குதிறன் சரக்கு எடையில் பாதிக்குக் குறையக்கூடாது. 70-ஆம் தரச் சங்கிலி, கால் அங்குலத்தைவிடச் சற்றே தடித்த 5/16 அங்குலத்திலேயே 2,130 கிலோ தாங்கும். காகிதக் கணக்குக்கு ஒன்றிரண்டு சங்கிலி போதும் என்றாலும், விவரம் அறிந்தவர்கள் நான்கு மூலைக்கு நான்கு போடுகிறார்கள், அதுவே சரி. ஒன்று அறுந்தாலும் டிராக்டர் திரும்பாமல் நிற்பது மற்ற மூன்றால்தான். கொக்கி மாட்டவேண்டியது அச்சிலும் சட்டத்திலும். ஸ்டீயரிங் தண்டிலோ லோடர் கையிலோ அல்ல. பக்கெட்டையும் பின்கருவியையும் தளத்தில் இறக்கித் தனியே கட்டவேண்டும். சங்கிலியை இறுக்க, படிப்படியாகத் திருகி இறுக்கும் ராட்செட் பைண்டரே மேல். நெம்புகோல் வகையை விடுவிக்கும்போது, தேங்கிய இழுவிசையில் பிடி துள்ளித் தாடையில் அடிக்கும்.

எண்ணெய் அழுத்தத்தால் சக்கரங்களை இயக்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் டிராக்டரை எஞ்சின் அணைத்தபின் கியரை நம்பி நிறுத்தமுடியாது. பார்க்கிங் பிரேக் கட்டாயம். டர்போ எஞ்சினாக இருந்தால் புகைக்குழாய் வாயையும் மூடுவார்கள். எதிர்க்காற்று உள்ளே புகுந்தால், எண்ணெய் ஓட்டமில்லாத டர்போ சுழன்று தேயும். மெதுவாகச் செல்லும் வண்டி என்று காட்டும் செம்மஞ்சள் முக்கோணத்தையும் மறைத்துவிடுவது நல்லது. நெடுஞ்சாலை வேகத்தில் அது பின்னால் வருபவரைக் குழப்பும்.

டயர்கள் அமுங்குவதாலும் குலுங்குவதாலும் இறுக்கிய சங்கிலி தளர்ந்துவிடும். வணிக ஓட்டுநர்கள் முதல் 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறையும், பிறகு 240 கிலோமீட்டர் அல்லது மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் கட்டுகளைச் சோதிக்கவேண்டும் என்பது விதி. சொந்த வேலைக்கு ஏற்றிச் செல்பவர்களுக்கு அந்தந்த மாநிலச் சட்டமே பொருந்தும்.