கிழிந்த தோள் நாணைத் தைத்த கதை

உங்கள் வலக்கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்திற்கு நீட்டிப் பிடியுங்கள். இதில் ஒரு சிறு நெம்புகோல் கணக்கு இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோ இருக்கும். அதன் ஈர்ப்பு மையம் தோள் மூட்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி உள்ளது. கையைத் தூக்கும் தசைகளோ மூட்டின் மையத்திலிருந்து சுமார் 3 செ.மீ. தொலைவில்தான் இழுக்கின்றன. ஆகவே 3 கிலோ கையை நிறுத்தி வைக்க அவை 30 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாக வேண்டும்!

இதில் பெரும்பங்கு தோளின் மேலுள்ள முக்கோணத் தசையுடையது. அதன் அடியில் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்று சேர்ந்து, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையைக் கவிந்து பற்றி, கிண்ணத்தை விட்டு நழுவாமல் காக்கின்றன. வயது ஏற ஏறத் தேய்ந்து கிழிவது இந்த நாண்கள்தாம்.

இக்கிழிசலைப் பிணங்களில் கண்டு 1834இல் இலண்டனில் ஸ்மித் என்பவர் எழுதினார். அதைத் தைத்த செய்தி வெளிவர 1911 ஆகிவிட்டது. தைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன்.

கோட்மன் ஒரு விசித்திரமான மனிதர். அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் பின்னர் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டும். குணமாகவில்லை என்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சக மருத்துவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 1914இல் மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து விலகினார். தமது சொந்தச் சிறு மருத்துவமனையில் 1911 முதல் 1916 வரை 337 பேருக்குச் சிகிச்சை அளித்ததில் 123 பிழைகள் நேர்ந்தன என்று தாமே எண்ணி வெளியிட்டார். ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் பிழைகளை எழுதச் சொன்னாலே என் மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள்!

தையல் முறைகள் பிறகு பல வந்தன. 1944இல் மக்லாஃப்லின் எலும்பில் பள்ளம் வெட்டி, நாணின் முனையை அதில் பதித்துக் கட்டும் முறையை விவரித்தார். கடந்த நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில், சிறு துளை வழியே குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்த்தபடி தைக்கும் முறை பரவியது. எலும்பில் பதியும், நூல் கோத்த சிறு ஆணிகளும் வந்தன. அவற்றை ஒரு வரிசையாக அடிப்பதா, இரு வரிசையாகவா?

இயற்பியல் தெரிந்தவர் இரண்டு என்றுதான் சொல்வார். சுமை பகிர்ந்துகொள்ளப்படும், நாண் எலும்பில் படியும் பரப்பும் கூடும். பிணத்தின் தோள்களை இழுத்துப் பார்த்த சோதனைகளும் அவ்வாறே காட்டின. ஆனால் நோயாளிகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, சிறு கிழிசல்களில் அவர்கள் உணர்ந்த நன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரிய கிழிசல்களில் மட்டும், இரு வரிசைத் தையலில் மறுபடி கிழிவது குறைந்தது.

அதைவிட வியப்பான செய்தி 2004இல் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து வந்தது. பெரிய கிழிசல்களைக் குழாய்க் கருவி வழியே தைத்துக்கொண்ட 18 பேரில் 17 பேருக்கு நாண் மீண்டும் கிழிந்திருந்தது. ஆயினும் பெரும்பாலோருக்கு வலி குறைந்து, கையை உயர்த்தவும் முடிந்தது! பிரிட்டனில் 273 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, திறந்து தைப்பதையும் குழாய்க் கருவி முறையையும் ஒப்பிட்டார்கள். 2015இல் வெளியான முடிவின்படி இரண்டாண்டுக்குப் பின் இரு பிரிவினரும் சமமாகவே இருந்தனர். இரண்டிலும் ஏறத்தாழ 40 சதவீதத் தையல்கள் பிரிந்திருந்தன.

குறை நூலில் மட்டும் இல்லை. இயற்கையில் நாண், மென்மையான குருத்தெலும்பாகி, பின் சுண்ணாம்பேறிய குருத்தெலும்பாகி, படிப்படியாக எலும்பாகிறது. அதனால் இழுவிசை ஓரிடத்தில் குவிவதில்லை. தைத்த இடத்திலோ இப்படிகள் திரும்ப உருவாவதில்லை. வெறும் தழும்புத் திசுதான் நாணை எலும்போடு பிணைக்கிறது.