தென்காசி வட்டாரமும் மென்பொருள் நேர்முகத் தேர்வும்

மென்பொருள் வேலைக்கான நேர்முகத் தேர்வு, தென்காசி, குற்றாலம் வட்டாரத்து இளைஞர்களுக்கு நெடுங்காலம் வெளியூரில் நடக்கும் காரியமாகவே இருந்தது. 1984 முதல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகி, 1997-இல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வும் தொடங்கிய பின், நெல்லையும் தென்னையையும் பீடித் தொழிலையும் நம்பி வாழ்ந்த இப்பகுதிக் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் பொறியியல் படிக்கச் சென்றனர். ஆனால் அவர்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனங்கள் 2000-இல் திறக்கப்பட்ட சென்னைத் தரமணி டைடல் பூங்காவைச் சுற்றியும் பெங்களூரிலும் இருந்தமையால், செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் செல்லும் பொதிகை விரைவு ரயிலில் இரவெல்லாம் பயணம் செய்து, உறங்காத கண்ணோடு தேர்வறையில் அமர்வது பலருக்கும் வழக்கமாயிற்று.

அங்கு முதலில் எதிர்ப்பட்டது ஆப்டிடியூட் எனப்படும் பொதுத்திறன் தேர்வு. இதன் வேர், ஐபிஎம் நிறுவனம் 1955-இல் வகுத்த நிரலர் தகுதித் தேர்வில் இருக்கிறது. கணினியை நேரில் கண்டவரே அரிதாயிருந்த அக்காலத்தில், நிரல் எழுதக் கற்கக்கூடியவரை இனங்காண எண் தொடர்களையும் உருவ ஒப்புமைகளையும் கணக்குகளையும் அது கேட்டது. அதே வகைக் கேள்விகளுக்காகத் தமிழ்நாட்டு மாணவர்கள் ஆர். எஸ். அகர்வாலின் கணக்குப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தனர். சி மொழிக்கு யஷவந்த் கனேத்கரின் நூலும், அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த இ. பாலகுருசாமியின் நூலும் துணை நின்றன.

ஆயினும் புத்தகத்தைவிட வெள்ளைத்தாளே இத்தயாரிப்பின் உயிர். கணினியின்றி, நிரலின் ஒவ்வொரு வரியையும் மனத்தில் ஓட்டி, மாறிகளின் மதிப்பைத் தாளில் கட்டம் கட்டமாக எழுதிப் பார்ப்பதை டிரை ரன் என்பர். சான்றாக, ஒரு சொல்லைத் தலைகீழாக்கும் சி நிரலை எடுத்துக்கொள்ளலாம். ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லுக்குச் சி மொழி ஆறு இடங்களை ஒதுக்கி, சொல் முடிந்தது என அறிவிக்கும் சுழிக் குறியை ஆறாவது இடத்தில் வைக்கும். அக்குறியையும் எழுத்தென்று எண்ணி இடம் மாற்றிவிட்டால் அது முதலிடத்துக்கு வந்துவிடும். எழுத்துகள் அனைத்தும் நினைவகத்தில் இருந்தும் திரையில் ஒன்றும் தோன்றாது. இந்தப் பிழையைத் தாளிலேயே கண்டுபிடிப்பவர் மொழியின் உள்ளமைப்பை அறிந்தவர். விடையை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே அகப்பட்டுக்கொள்வார். நல்ல தேர்வாளர்கள் இத்தகைய கேள்விகளை விரும்புவதற்குக் காரணம் அதுவே.

பிற்பாடு, ஆளெடுக்கும் நிறுவனமொன்று இவ்வட்டாரத்துக்கே வந்தது. முன்பு அட்வென்ட்நெட் எனப்பட்ட ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசியில் அலுவலகம் தொடங்கி, பின்னர் குற்றாலத்துக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் வளாகம் அமைத்தது; ஜோஹோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் உருவானதும் தென்காசியில்தான். எழுத்துத் தேர்வுக்குப் பின் தேர்வரைக் கணினி முன் அமர்த்தி, டாக்சி முன்பதிவு போன்ற சிறு செயலியைப் படிப்படியாகக் கட்டச் சொல்லும் முறை இந்நிறுவனத்துத் தேர்வுக்குப் பெயர் வாங்கித் தந்தது. இதற்கு ஒரு வாரத்துப் படிப்பு போதாது. மாதக்கணக்கில் நிரல் எழுதிப் பழகிய கை வேண்டும்.

இதனினும் ஆழமான மாற்றம் ஜோஹோ பள்ளியால் நேர்ந்தது. 2005-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் தென்காசிக்கும் வந்த இப்பள்ளி, பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைத் தேர்வு வைத்துச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் மாத உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கிறது. முன்பு குடும்பம் கடன்பட்டுப் பட்டம் வாங்கித் தந்து, அதன்மேல் பயிற்சி மையத்துக்கும் பணம் கட்டிய தயாரிப்புச் செலவு, இங்கே நிறுவனத்தின் கணக்குக்கு மாறியது. இவ்வட்டார வரலாற்றில் இது சிறிய செய்தியன்று. இடங்கள் சிலவே என்பதும், மிகப் பலர் இன்றும் ரயிலேறுகின்றனர் என்பதும் உண்மையே. ஆயினும், தமிழ்வழியில் படித்த பிள்ளைகளைத் தேர்வறை வாசலிலேயே திணற வைத்து, நிரல் அறிவைக் காட்டும் வாய்ப்புக்கு முன்பே பலரைத் திருப்பி அனுப்பிவந்த ஆங்கிலம், இப்பள்ளியில் கணிதத்தோடும் நிரலாக்கத்தோடும் சேர்த்து, உள்ளே வந்த பின் கற்பிக்கப்படும் பாடமாக இருக்கிறது.