கடல் கடக்கும் கேத்தல்: ரொறன்ரோ வீட்டு மின்சாரத்தில் மின்தடையும் மின்வலுவும்

1. ஆய்வுப் பொருள்

இலங்கையின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ரொறன்ரோவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் மின்கேத்தல் இங்கே மந்தமாகிறது; இங்கிருந்து போவது அங்கே கருகுகிறது. கருவியில் பொறித்த வாட் எண் அதற்கு மட்டும் உரியதன்று, அது சேரும் மின்வழங்கலுக்கும் உரியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. அடிப்படைத் தொடர்புகள்

ஜேர்மானியரான ஓம் தன் விதியை 1827இல் நூலாக வெளியிட்டார். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது என்று 1840களின் தொடக்கத்தில் ஜூல் காட்டினார். இவற்றிலிருந்து:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்
மின்வலு = மின்னழுத்தம் × மின்னோட்டம்
மின்வலு = மின்னழுத்தம்² ÷ மின்தடை
மின்வலு = மின்னோட்டம்² × மின்தடை

120 வோல்டில் 12.5 அம்பியர் இழுக்கும் ரொறன்ரோக் கேத்தலின் மின்தடை 9.6 ஓம், மின்வலு 1500 வாட்.

3. இடம் மாறும் கருவி

3.1 இலங்கையிலிருந்து: 230 வோல்ட், 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும், மின்தடை 26.45 ஓம். நிக்குரோம் சுருளின் மின்தடை சூட்டினால் சிறிதளவே மாறும். பிளக்கை மாற்றினாலும் அது மாறாது. ஆகவே 120 வோல்டில் மின்வலு 544 வாட் மட்டுமே. ஒரு லீற்றர் நீரை 20 பாகையிலிருந்து கொதிக்கவைக்க ஏறத்தாழ 335 கிலோயூல் வேண்டும். வெப்ப இழப்பைக் கணக்கிடாவிட்டால், அங்கே மூன்று நிமிடத்துக்குள் கொதிப்பது இங்கே பத்து நிமிடம் தாண்டும்.

3.2 ரொறன்ரோவிலிருந்து: 9.6 ஓம் சுருளுக்கு 230 வோல்ட் கொடுத்தால் 24 அம்பியர் பாயும். மின்வலு 5500 வாட்டைத் தாண்டும். உருகி முந்தாவிட்டால் சுருள் கருகும்.

4. கம்பியின் மின்தடை

ரொறன்ரோ வீடுகளின் பொதுச் சுற்றுகளில் 15 அம்பியர் பிரேக்கரும் 14ஆம் இலக்கச் செப்புக் கம்பியும் வழக்கம். இக்கம்பியின் மின்தடை கிலோமீற்றருக்குச் சுமார் 8.3 ஓம். மின்பலகை 15 மீற்றர் தொலைவில் இருந்தால், போக வர 30 மீற்றருக்கு 0.25 ஓம். கேத்தலின் 12.5 அம்பியர் அதில் 3.1 வோல்டை இழக்கும். சுவருக்குள் 39 வாட் வெப்பமாகும். அதே சுற்றில் 7.5 அம்பியர் ரோஸ்ரரையும் போட்டால் 20 அம்பியர். கம்பியின் வெப்பம் 100 வாட். பிரேக்கர் விழுவது இதைத் தடுக்கத்தான்.

நயாகராவின் மின்சாரத்தை அடம் பெக் தலைமையிலான ஒன்ராறியோ நீர்மின் ஆணைக்குழு 1911 மே மாதம் ரொறன்ரோவுக்கு 1,10,000 வோல்டில் கொண்டுவந்ததற்கும் ஜூலின் வர்க்க விதியே காரணம். ஒரே மின்வலுவுக்கு மின்னழுத்தம் பத்து மடங்கானால் மின்னோட்டம் பத்திலொன்றாகும். அதே கம்பியில் இழப்பு நூறிலொன்றாகும்.

5. எல்லைகள்

இக்கணக்கு வெப்பச் சுருள்களுக்கே நேராகப் பொருந்தும். கிரைண்டரின் மோட்டர் சுழலும்போது எதிர் மின்னழுத்தம் எழுவதால், நின்ற நிலையில் மல்ரிமீற்றர் காட்டும் மின்தடையை வைத்து ஓடும்போதுள்ள மின்னோட்டத்தைக் கணிக்க முடியாது. மின்வலுவைக் காண, மின்னழுத்தம் × மின்னோட்டத்தை வலுக்காரணியாலும் பெருக்க வேண்டும். இழை மின்குமிழின் குளிர்ந்த மின்தடையோ, எரியும்போது உள்ளதில் ஏறத்தாழப் பத்திலொன்றே.

6. முடிவு

பொறித்த மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறித்த வாட்டால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். போகும் ஊரின் மின்னழுத்தத்தின் வர்க்கத்தை அம்மின்தடையால் வகுத்தால் அங்குள்ள மின்வலு கிடைக்கும். மின்மாற்றி வாங்கும்முன் இன்னொரு வகுத்தலும் தேவை. 2000 வாட் கேத்தலுக்கு 230 வோல்ட் தரும் மின்மாற்றி, 120 வோல்ட் பக்கத்தில் குறைந்தது 16.7 அம்பியர் இழுக்கும். 15 அம்பியர் சுற்று அதைத் தாங்காது.